கல்லே இல்லை, பிறகென்னத்துக்குக் கல்லுக் குளிசை?

கேள்வி: வணக்கம் டொக்டர். வயசு 38, இடம் கோண்டாவில். நாலு மாசத்துக்கு முந்தி கொழும்பில இரைப்பையைச் சின்னனாக்கிற ஸ்லீவ் ஒப்பரேசன் செய்தனான். 112 கிலோ இருந்தனான், இப்ப 86. ஒப்பரேசனுக்கு முதல் ஸ்கான் எடுக்கேக்க பித்தப்பையில கல்லு ஒண்டும் இல்லையெண்டுதான் சொன்னவை, ஆனா வீட்ட அனுப்பேக்க உர்சோடியொக்சிகோலிக் அசிட் எண்டு ஒரு குளிசை ஆறு மாசத்துக்கு எழுதித் தந்தவை. ரெண்டு மாசம் போட்டன், வயித்தால போச்சுது, விலையும் கூட, கல்லில்லாத எனக்கு என்னத்துக்கெண்டு விட்டிட்டன். மாமி சொல்லுறா கல்லெல்லாம் எங்கட கிணத்துச் சுண்ணாம்புத் தண்ணியால வாறதாம், வாழைத்தண்டுச் சாறு குடிச்சாக் காணுமாம். போன கிழமை ரெண்டு தரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சுக்குழிக்குள்ள பிடிச்சு நொந்தது. கேஸ்தானே?

பதில்: கேஸ் எண்டு நீங்களே முடிவெடுத்திட்டு ஓமத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ தங்கச்சி. ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிவு கனபேருக்கு வாறதுதான், அதாவும் இருக்கலாம். ஆனா சாப்பிட்டாப் பிறகு நெஞ்சுக்குழியிலயோ வலது விலாவுக்குக் கீழயோ பிடிச்சு, அரை மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம் விடாமல் நிண்டு, வலது தோள்மூட்டுப் பக்கமும் இழுத்து, சத்தியும் வந்தா பித்தப்பையைத்தான் முதல்ல பாக்கவேணும். இந்தக் கிழமையே ஒரு வயித்து ஸ்கான் எடுங்கோ, வெறும் வயித்தோட போங்கோ, சாப்பிட்டிட்டுப் போனா பை சுருங்கிப்போய் வடிவாத் தெரியாது. காய்ச்சல் நடுக்கம், கண் மஞ்சளாகிறது, மூத்திரம் கடும் நிறமாப் போறது இதில ஒண்டு வந்தாலும் ஸ்கான் கிளினிக் எண்டு பாக்காமல் நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, இரவெண்டாலும்தான்.

மாமியோட சண்டை பிடிக்கவேண்டாம், அவ சொல்லுறது சிறுநீரகக் கல்லு. எங்கட ஊரில கல்லெண்டு ஆர் சொன்னாலும் உடன கிணத்தைத்தான் குற்றம் சொல்லுறது. உடம்பு மெலியேக்க பித்தப்பையில வாறது பெரும்பாலும் கொலஸ்ட்ரோல் கல்லு, அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்லை, வாழைத்தண்டுக்கும் இல்லை.

நடக்கிறது இதுதான். கொழுப்பு வேகமாக் கரையேக்க அதிலயிருந்து வாற கொலஸ்ட்ரோலை ஈரல் பித்தத்துக்குள்ள தள்ளும், அதே நேரம் நீங்கள் சாப்பிடுறது ரெண்டு வாய், அதிலயும் எண்ணெய் இல்லை, அப்ப பித்தப்பை சுருங்கி வெளிய விட வேலையே இல்லாமல் பித்தம் உள்ளயே தேங்கி நிக்கும். பிளேன்ரீக்கு அளவுக்கு மிஞ்சிச் சீனி போட்டாக் கரையாமல் அடியில நிக்குமே, அப்பிடித்தான். கிழமைக்கு ஒண்டரைக் கிலோவுக்கு மேல குறைஞ்சா ஆபத்துக் கூடுது எண்டு கணக்கு, உங்கட 26 கிலோவை நாலு மாசத்தில வாற 17 கிழமையால பிரிச்சுப் பாருங்கோ, சரியா அந்தக் கோட்டிலதான் நிக்கிறியள்.

இப்ப விளங்குதோ, கல்லில்லாத ஆளுக்குத்தான் அந்தக் குளிசை. வந்த கல்லைக் கரைக்கத் தந்ததில்லை, வராமல் பாக்கத் தந்தது. 1995இல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வில இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னனாக்கிக் குடலின்ர பாதையையும் மாத்திற ஒப்பரேசன்) செய்தவைக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் படி ஆறு மாசம் குடுத்துப் பாத்தவை, குளிசை போட்டவையில 2 வீதத்துக்குத்தான் கல்லு, மருந்தில்லாத வெறும் மாக்குளிசை போட்டவையில 32 வீதம். ஆனா ஸ்கானில தெரியிற எல்லாக் கல்லும் நோவு தராது எண்டதையும் சொல்லவேணும். நெதர்லாந்தில 2021இல வந்த ஆய்வில, முதலே கல்லில்லாத ஆக்களில, நோவோட வாற கல்லு வருத்தம் குளிசையோட 6.5 வீதம், இல்லாமல் 9.7 வீதம். அதால குளிசை போடாட்டி எல்லாருக்கும் வரும் எண்டு பயப்படுத்த மாட்டன், ஆனா ஆறு மாசக் குளிசையால குறையிற ஆபத்தை ஏன் சும்மா வைச்சிருக்கவேணும்?

ஸ்கானில கல்லில்லையெண்டா மிச்ச மாசத்துக்குத் திருப்பித் தொடங்கலாமோ எண்டு உங்கட சத்திரசிகிச்சை நிபுணரைக் கேளுங்கோ. வயித்தால போறது அந்தக் குளிசைக்குத் தெரிஞ்ச பக்கவிளைவுதான், சாப்பாட்டோட போட்டு, அளவைப் பிரிச்சுத் தந்தாக் கனபேருக்குச் சரிவரும், அதை அவையிட்டச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. கல்லிருந்து நோவும் இருந்தா குளிசையை நம்பி இருக்கேலாது, பித்தப்பையை லப்பரஸ்கோப்பியால (வயித்தில சின்னத் துளை போட்டு) எடுக்கிறதைப் பற்றித்தான் கதைக்கவேண்டி வரும். அதுவரைக்கும் றோல்ஸ், மிதிவெடி போல எண்ணெயில பொரிச்ச சாப்பாட்டுப் பக்கம் போகாதேங்கோ. நோவில்லாத ஆக்கள் எண்ணெயையே முழுசா வெறுக்கவும் தேவையில்லை, அவிச்ச முட்டை, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்ட சொதி எண்டு அளவாச் சேத்தாத்தான் பை சுருங்கும்.

கேள்வி: ஒப்பரேசன் இல்லாமல், மெலியிற ஊசி போட்டு மெலிஞ்சாலும் கல்லு வருமோ? (சாவகச்சேரி வாசகி)

பதில்: வரலாம். ஒசெம்பிக் போல ஊசிகளுக்கும் பித்தப்பைப் பிரச்சினை பற்றின எச்சரிக்கை இருக்கு. கலியாணத்துக்கு மெலியவெண்டு ஜூஸ் மட்டும் குடிச்சுக் கிடக்கிற பிள்ளையளுக்கும் இதே கதைதான்.

கேள்வி: தம்பி ரொறொன்ரோவில இருக்கிறான், ரெண்டு வரியத்துக்கு முதல் இரைப்பை பைபாஸ் செய்தவன். இப்ப ஸ்கானில கல்லாம், நோவில்லை. எடுக்கவேணுமோ? (வாசகர், நெல்லியடி)

பதில்: நோவில்லாட்டி வழமையா விட்டுத்தான் பாப்பினம். ஆனா பைபாஸ் செய்தவைக்குக் குடலின்ர பாதை மாறிப்போயிருக்கும், கல்லு பித்தக்குழாய்க்குள்ள இறங்கினா வாயால குழாய் விட்டு எடுக்கிற சாதாரண முறை அவைக்கு லேசில எட்டாது. ஊருக்கு வந்து நிக்கேக்க திடீரெண்டு நோவு வந்தா இஞ்ச பாக்கிற டொக்டருக்கு அது தெரியவேணும், அதால ஒப்பரேசன் விபரம் எழுதின தாளைப் படமெடுத்துப் போனில வைச்சிருக்கச் சொல்லுங்கோ.