பேய் வந்தும் பயம் வரவில்லை

கேள்வி: என் பேய்க்கதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். 'பயம் வரவில்லை' என்று ஒரே வரி. நள்ளிரவு, சுடுகாடு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம், ரத்தம் எல்லாம் இருக்கிறது. இதற்கு மேல் என்னதான் எழுத வேண்டும்?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: எல்லாம் இருப்பதுதான் சிக்கல். முதல் பத்தியிலேயே அமாவாசை, ஊளை, கொலுசு என்று வரிசையாக வந்துவிட்டால் வாசகர் 'சரி, பேய்க்கதை' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எத்தனை பேய் வந்தாலும் அவர் எதிர்பார்த்ததுதான் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமென்றால் அவர் முதலில் அசந்திருக்க வேண்டும். அதற்கு அவருக்குப் பழகிய ஒரு நாள் வேண்டும், அந்த நாளில் செய்ய ஒரு வேலை வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையை எடுத்துப் படியுங்கள். நடப்பது மதுரைக்கு வெளியே, ஆயர்பாடியில். விடிகிறது, அரண்மனை முரசு கேட்கிறது. இன்றைக்கு நெய் கொடுக்கிற முறை நம்முடையது என்று, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி தன் மகள் ஐயையைக் கூப்பிட்டுக்கொண்டு, கடைகயிறும் மத்துமாக வருகிறாள். பார்த்தால், குடத்தில் பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. உறியில் இருந்த வெண்ணெய் உருக மாட்டேன் என்கிறது. மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் 'வருவதொன்று உண்டு' என்கிறார் இளங்கோ. என்ன வரும் என்று சொல்வதில்லை. ரத்தம் இல்லை, இருட்டு இல்லை. பால்தான் பிழைப்பு என்று இருக்கிற வீட்டில் பால் உறையவில்லை, அது வயிற்றைப் பிசைகிறது. உங்கள் பாத்திரத்துக்கு எது பிழைப்போ அதில் கை வையுங்கள்.

இன்னொன்று. இதற்கு முந்தைய காதையிலேயே கோவலன் வெட்டுப்பட்டு இறந்துவிட்டான். நமக்குத் தெரியும், கண்ணகிக்குத் தெரியாது. மாடு கன்றுகளின் துயர் தீரட்டும் என்று பெண்கள் அவள் எதிரில் குரவை ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தை நம்மால் பார்க்கவே முடிவதில்லை. அடுத்த காதையில் சேதி தெரிந்த ஒருத்தி ஓடி வருகிறாள். வந்தவள் வாய் திறக்கவில்லை. 'சொல்லாடாள் சொல்லாடா நின்றாள்.' கண்ணகி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திகில் என்றால் எனக்கு அந்த நிற்பதுதான். உங்கள் கதையில் யாருக்கு என்ன, எப்போது தெரியவருகிறது என்பதைத் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். இப்போதைக்கு எல்லாருக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிறது.

உங்கள் கதையில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. நீங்களே அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அவன் ஆரப்பாளையத்தில் கடைசி பஸ் ஏறுகிறான். நோட்டை நீட்டி 'வாடிப்பட்டி' என்கிறான். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். 'ஒண்ணுதானே கேட்டேன்' என்றதும் அவர் பக்கத்து சீட்டைப் பார்க்கிறார். படித்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. அடுத்த வரியிலேயே பஸ் பழுதாகி அவன் சுடுகாட்டுக்குள் நடக்கிறான்! சமயநல்லூர் வரைக்குமாவது அவனை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்க வேண்டாமா? ஜன்னலோரம் நகர்வானா, பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வானா, இவ்வளவு பேர் நின்றுகொண்டு வந்தும் அந்த சீட்டில் ஏன் ஒருவரும் உட்காரவில்லை... எழுத எவ்வளவு இருக்கிறது! 'உடல் நடுங்கியது', 'வியர்த்துக் கொட்டியது' எல்லாம் வேண்டாம். அந்த இரண்டாவது டிக்கெட்டை அவன் என்ன செய்கிறான் என்று சொல்லுங்கள்.

கடைசியில் நீங்கள் முகத்தைக் காட்டுகிறீர்கள். அழுகிய கன்னம், தொங்கும் நாக்கு. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கும்பிடப் போகிறவர்கள் பார்ப்பது சந்தனம் பூசி அடைத்திருக்கும் கதவைத்தான். அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண லேசில் யாருக்கும் துணிச்சல் வராது. அடைத்த கதவு என்பதற்காக மட்டும் அந்தப் பயம் வந்துவிடவில்லை. உள்ளே காவல் இருப்பது யார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே பேயை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பது யார் என்று அவனுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருக்க வேண்டும். அவளுக்கு அவன் ஏதோ செய்திருக்க வேண்டும். உங்கள் கதையில் அந்தப் பெண் யார், அவனிடம் எதற்கு வருகிறாள் என்பதே இல்லை. பெரிய குறை இதுதான். மற்றதெல்லாம் வெட்டித் திருத்திவிடலாம்.

சுடுகாட்டுப் பக்கங்களை எடுத்துவிடுங்கள். அவள் யார் என்பதை முடிவு பண்ணிக்கொண்டு, பஸ்ஸைப் பழுதாக்காமல் வாடிப்பட்டி வரைக்கும் ஓட்டி எழுதி அனுப்புங்கள். அவன் இறங்குகிற இடத்தில் கதை முடிந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விளக்கம் கேட்கிற அந்த ஒன்றரைப் பக்கமும் வேண்டாம்.