கேளுங்கள்: ஐஸ் ஹவுஸுக்கு வந்த ஐஸ்

கேள்வி: சென்னை ஐஸ் ஹவுஸில் இருந்த ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததாமே! நான்கு மாதப் பயணத்தில் கரையாதா? (வாசகர், மன்னார்குடி)

கரையத்தான் செய்தது. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸுடன் கல்கத்தாவுக்குக் கிளம்பிய 'டஸ்கனி' கப்பல், செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன்தான் மிச்சம். அதை அனுப்பிய பாஸ்டன் ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அந்த மிச்சத்தை நம்பித்தான் வியாபாரமே செய்தார்.

ஒரு கிலோ ஐஸை உருக்கும் வெப்பத்தில், அதே அளவு நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிடலாம். ஆகவே ஐஸ் அவசரப்பட்டுக் கரைவதில்லை. கட்டிகளைச் சந்து இல்லாமல் நெருக்கி அடுக்கினால் மொத்தச் சரக்கும் ஒரே பாறை. வெளிப்புறம் மட்டும்தான் கரையும். சுற்றிலும் மரத்தூள். அமெரிக்காவின் மெய்ன் மாநில மர ஆலைகளில் குப்பையாகக் கிடந்தது அது. காய்ந்த தூள் வெப்பத்தைத் தடுக்கும், நனைந்தால் கடத்தும். அதனால் கரைந்த நீர் தேங்காமல் அவ்வப்போது பம்பு வைத்து இறைத்தாக வேண்டும். நம்மூர்க் கடைகளில் ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்து சாக்கு போட்டு மூடியதும் இதே கணக்குதான்.

கேள்வி: ஏரியில் உறைந்ததை எப்படி வெட்டினார்கள்? (வாசகர், பொள்ளாச்சி)

உழுதார்கள்! பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஃபிரெஷ் பாண்ட் என்ற ஏரி இருக்கிறது. அங்கே 1820-களில் நதேனியல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கினார். நம் கலப்பைபோல ஒற்றைக் கொழு கிடையாது. ரம்பம்போல வரிசைப் பற்கள், பின்னால் போகப் போக ஒவ்வொன்றும் சற்று நீளம்.

முதல் வேலை, விழுந்த பனியை வழித்துத் தள்ளுவது. பனி கம்பளிபோல மூடிக்கொண்டால் கீழே ஐஸ் தடிக்காது. ஓர் அடியாவது தடிப்பு வேண்டும். தூரதேசத்துக்கு ஒன்றரை அடி. பிறகு நேரான பலகையை வைத்து முதல் சால். இதில் கோணினால் போச்சு: கருவியின் வழிகாட்டிச் சட்டம் முந்தைய சாலில் ஓடியபடிதான் அடுத்த சாலைக் கீறும், கோணல் கடைசிவரை தொடரும். குறுக்கிலும் இப்படியே கீறி, 22 அங்குலச் சதுரங்களாகப் பிரிப்பது ஒரு வழக்கம். ஓர் அடி தடிப்பில் அப்படி ஒரு கட்டி ஏறக்குறைய 87 கிலோ.

முழு ஆழத்துக்கும் உழமாட்டார்கள். குதிரை நிற்க இடம் வேண்டாமா? மூன்றில் இரண்டு பங்கு வரை கலப்பை, மிச்சம் கைரம்பம், கடப்பாறை. உடைக்கும்போது தண்ணீர் மற்ற சால்களுக்குள் ஏறினால் உறைந்துபோகும். உழுத உழைப்பு வீண். அதனால் சாலின் வாயை ஐஸ் சீவலால் அடைத்து வைப்பார்கள். பிரிந்த பாளங்களை நீர் வாய்க்காலில் மிதக்கவிட்டு, கரையிலுள்ள கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். கிடங்குக்கு இரட்டைச் சுவர், நடுவில் மரத்தூள். கோடரியால் தாறுமாறாக வெட்டிய கட்டிகள் இப்படி நெருங்கி உட்காராது. வியாபாரத்தை நிமிர்த்தியது இந்தச் சதுரம்தான் என்பேன்.

கேள்வி: பிறகு ஏன் நின்றது? (வாசகர், திருவல்லிக்கேணி)

ஐஸ் செய்யும் எந்திரம் வந்தது. சாக்கடை கலந்த ஏரி, ஆற்று ஐஸ் மீது அமெரிக்காவிலேயே சந்தேகமும் வளர்ந்தது. உறைந்தாலும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. உங்கள் பக்கத்து ஐஸ் ஹவுஸ் கட்டடம் 1842-இல் எழுந்தது. சென்னையிலேயே எந்திர ஐஸ் கிடைத்ததும் கப்பல் சரக்கு கட்டுப்படியாகவில்லை. கட்டடம் கைமாறி வீடானது. 1897-இல் விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில்தான்.