நம்பிக்கை இல்லாதவன் பக்தியான குடும்பத்துக்குள் எப்படி வாழ்வது?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: ஊர் கடலூர் பக்கம், வீட்டில் எல்லோருக்கும் பக்தி, இந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடச் சொல்லி அம்மா அழுகிறார், உங்களுக்கோ நம்பிக்கை இல்லை. எழுதியிருப்பதைப் பார்த்தால் கல்யாணம் ஆகாத பையன் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் ஆண் நாத்திகனாக இருப்பதற்கு ஒரு மரியாதை உண்டு. 1944-இல் பெரியார் மேல் செருப்பு வீசிய இதே கடலூரில்தான் பிறகு அவருக்குச் சிலையும் வைத்தார்கள். கறுப்புச் சட்டைக்காரரை எதிர்க்கிறவர்கள்கூட ‘அவரு கொள்கைக்காரரு’ என்று ஒதுங்கிக்கொள்வார்கள். பெண் ஒருத்தி சாமி இல்லை என்று சொன்னால் யாரும் ஒதுங்குவதில்லை. அவளைத் திருத்த வருகிறார்கள்.

என் அப்பா திராவிடர் கழகக்காரர். பண்ருட்டிக்குப் பக்கத்தில் கிராமம். அம்மாவோடு அவருக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். ஐயரும் அக்னியும் இல்லாமல் சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் நிறைவேறியதே, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு மறந்துவிடும். திரௌபதி அம்மன் தீமிதிக்குத் தலைக்கட்டு வரி வாங்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். வரி கட்டாத வீட்டை ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. எங்கள் வீட்டுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா தன் சிறுவாட்டுப் பணத்தை எடுத்து மாமா கையில் கொடுத்து வருஷா வருஷம் கட்டிவிடுவார்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்து எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. ‘சாமி இல்லன்னு பேசுற வீடு, ஆத்தா கேட்டுட்டா’ என்று சொன்னவர்கள் அதை அம்மாவிடம் வந்துதான் சொன்னார்கள். அப்பா முன்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் முதல் ஆளாக வரி கட்டுகிறவர், அவர் தோப்பிலும் ஒரு பலாமரம் மிஞ்சவில்லை. அதற்கு யாரும் காரணம் தேடிப் போகவில்லை.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்று கல்யாணத்துக்கு முன்பே கணவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் ஒத்துக்கொண்டார். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியிலிருந்து பைக்கில் திரும்பும்போது கிருமாம்பாக்கம் அருகே அவருக்கு விபத்து. ஐசியு வாசலில் என் மாமியார் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். “உன் பேர்லதாம்மா பால்குடம் வேண்டிக்கிட்டேன். நீ மனசார சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, எம்புள்ள எழுந்துருவான்.”

நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தைதானே, வயசானவங்க மனசு குளிரட்டுமே என்று இதைப் படிக்கும் பலர் நினைப்பீர்கள். அன்றைக்கு என்னிடம் பொய் சொல்லத் தெம்பு இல்லை. ரத்தத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். நான் கணக்கு டீச்சர். என்னிடம் படித்த பையன்கள் கேள்விப்பட்டு, வேலையை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தேன். டாக்டர்கள் விடிய விடிய அறுவை சிகிச்சை செய்தார்கள். அவர் பிழைத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் “ஆத்தா காப்பாத்திட்டா” என்றார்கள். அந்தப் பையன்களைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆடி வந்தது. பால்குடம் எடுக்க மாட்டேன் என்று மறுபடி சொன்னேன். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. கடைசியில் அத்தையே எடுத்தார், அந்த மூட்டுவலியோடு. நான் கூடவே நடந்தேன், தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, காலில் செருப்போடு. வழியில் ஒரு அம்மா, “மருமவ செருப்பு போட்டுக்கினு வராளே” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அத்தை தலையில் குடத்தோடு நின்று, “அவ ஆத்தாவுக்கு வரல, எனக்குத் துணைக்கு வரா. நீ உன் வேலையப் பாரு” என்றார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்குள் சாமி விஷயத்தில் சண்டை வந்ததில்லை.

இதைச் சமரசம் என்று எழுதத் தோழர்கள் சிலர் வருவார்கள். வெயிலில் நடக்கிற வயதான மனுஷிக்குத் துணை போவது எந்தப் பகுத்தறிவுக்கும் எதிரானது இல்லை. அதேபோல, நான் சாமியைத் திட்டுகிறேன் என்று பக்தர்களும் சண்டைக்கு வர வேண்டாம். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. அந்தத் தருமசாலைப் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நீ கும்பிடுகிறவளா என்று அங்கே என்னை யாரும் கேட்டதில்லை. அந்த இடத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்று சுயமரியாதை இயக்கம் 1929-லேயே செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டது. 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாகவே வந்தது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அவரே தோப்பு முழுவதையும் தம்பி பெயருக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ‘உனக்குத்தான் நகை போட்டாச்சே’ என்று அம்மா சமாதானம் சொன்னார். விபத்தின்போது அடகுக்குப் போனது அந்த நகைதான். தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. அப்பா மேல் உள்ள வருத்தம் மட்டும் போகவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாலை போடாதீர்கள். நம்பிக்கை இல்லாமல் 41 நாள் விரதம் இருப்பது, உண்மையாக விரதம் இருக்கிறவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் அம்மா எதற்கு அழுகிறார் என்று பாருங்கள். நீங்கள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். ‘புள்ளைய என்னா வளத்து வச்சிருக்க’ என்ற கேள்வி கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அம்மாவைத்தான் துரத்தும். அதனால் மாலை போடும் நாளுக்கு முன்பே, கேள்வி கேட்கக்கூடிய பெரியப்பா, மாமா, குருசாமி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே தனியாகப் போங்கள். இது என் முடிவு, அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை, கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், அது உங்களோடு போகட்டும். வீட்டில் வேறு யாராவது முதல்முறை மாலை போட்டு, அவருக்கான கன்னி பூஜைக்குச் சமையல் நடந்தால் காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் லீவு போட்டுவிட்டு நில்லுங்கள்.