சாவன்துர்கா ஏறலாமா?

கே: பெங்களூர் அல்சூர்ல இருக்கோம். காலேஜ் படிக்கிற பொண்ணு, பெங்களூர் பக்கத்துல இருக்குற சாவன்துர்கா மலை ஏறணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா, கயிறே வேணாமாம். அனுப்பலாமா?

ப: நடைபாதை வழியா, துணையோட தாராளமா அனுப்புங்கம்மா, ஆனா மழை பெஞ்ச மறுநாள் வேண்டவே வேண்டாம். மொழுமொழுன்னு கிடக்குற கிரானைட் பாறை அது, பல இடத்துல கையால பிடிக்க விளிம்பே இருக்காது, ஷூ ரப்பரை நம்பித்தான் ஏறணும், பயத்துல பாறையோட படுத்தா கால் வழுக்கிடும், அதனால நிமிர்ந்து நின்னு குதிகாலைத் தாழ்த்தி வெயிட்டைப் பாதத்துல போடணும். கருப்புக் கருப்பா கோடு தெரியும் பாருங்க, தண்ணி வழிஞ்ச தடம், ஈரமா இருந்தா அதுல காலே வைக்கக் கூடாது. ஏறுறதைவிட இறங்குறப்பதான் கவனம் வேணும். செங்குத்துப் பக்கம் கயிறு, ஹெல்மெட், பழகின ஆள் இல்லாம கூடவே கூடாது, முதல்ல கன்டீரவா ஸ்டேடியம் கிளைம்பிங் சுவர்ல பழகட்டும். பாறையில மலைத்தேன் கூடு இருந்தா சத்தம் போடாம விலகிடச் சொல்லுங்க, சென்ட்டும் அடிக்க வேணாம்.