ஷோரூம் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த மகன், டிவி, ஃபிரிட்ஜ் விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றில் சேரப்போவதாகப் பிடிவாதமாக நிற்கிறான். "எல்லாரும் போனிலேயே ஆர்டர் போடும் காலத்தில் இந்தக் கடைகள் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை. அமெரிக்காவில் இரண்டு கடைகளுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும்.

ரிச்மண்ட் நகரில் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில், ஊருக்கு டிவி நிலையம் வந்த சேதியைக் கேட்டு, 1949-ல் டிவி கடை போட்டவர் சாமுவேல் வுர்ட்செல். அந்தக் கடைதான் பிற்பாடு பல ஊர்களில் கிளைகள் கொண்ட சர்க்யூட் சிட்டி என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பொருளைப் பற்றி விவரமாகச் சொல்லத் தெரிந்த, கமிஷனுக்கு விற்கும் ஆட்கள்தான் அதன் பலம். 2003-ல் கமிஷனை எடுத்துவிட்டார்கள். 2007 மார்ச்சில் 3,400 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சம்பளம் அதிகமாக வாங்குகிறார்கள் என்பதுதான் காரணம். சில வாரம் கழித்து, குறைந்த சம்பளத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். பல வருஷம் கடையில் நின்று கற்றவர்களை வெறும் செலவுக் கணக்காகப் பார்த்திருக்கிறார்கள்.

2008 நவம்பரில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் மிச்சமிருந்த 567 கடைகளும் மூடப்பட்டன. ஆட்களை அனுப்பியது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். 2000-லேயே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்பதை விட்டார்கள். 2008-ல் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் விவரம் தெரிந்தவரே இல்லாத கடைக்கு வாடிக்கையாளர் எதற்கு வரவேண்டும்?

இன்னொன்று பெஸ்ட் பை. 1966-ல் ரிச்சர்ட் ஷுல்ஸ் மினசோட்டாவில் ஸ்டீரியோ கடையாகத் தொடங்கியது. 1989-லேயே இவர்களும் கமிஷனை நிறுத்தினார்கள், ஆனால் வளர்ந்தார்கள். அதனால் கமிஷன் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஒரு கடையை எடைபோட வேண்டாம். 2012-ல் இவர்களும் தள்ளாடினார்கள். ஜனங்கள் கடையில் பொருளைப் பார்த்துவிட்டு அமேசானில் வாங்கினார்கள். அந்த ஆண்டு தலைமைக்கு வந்த யூபேர் ஜோலி, முதலில் சில நாள் ஒரு கடையில் ஊழியர்களோடு நின்று வேலை பார்த்தார். ஊழியர்களுக்கு வெட்டப்பட்டிருந்த தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்தார். ஆன்லைன் விலைக்கே கடையிலும் கொடுக்கச் சொன்னார். நிறுவனம் நிமிர்ந்தது.

உங்கள் மகனுக்கு முக்கியமான விஷயம் இதில் ஒன்று உண்டு. பெஸ்ட் பை 2002-ல் கீக் ஸ்குவாட் என்ற கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நிறுவனத்தை வாங்கியது. விற்றதோடு முடியாமல், வீட்டுக்கே போய் மாட்டிக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அதன் தொழிலானது. டிப்ளமோ படித்த பையனுக்கு அந்தப் பக்கம்தான் வளர்ச்சி. ஒரு வருஷம் ஃபுளோரில் விற்கட்டும், வாடிக்கையாளரிடம் பேசப் பழகட்டும். அப்புறம் சர்வீஸ், இன்ஸ்டலேஷன் பிரிவுக்கு மாற வழி உண்டா என்று இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியை அவன் கூச்சப்படாமல் கேட்கவேண்டும்: சம்பளம் போடுவது யார்? நம் ஊர் ஷோரூம்களில் யூனிஃபார்மோடு நிற்கும் பலர் கடையின் ஆட்கள் அல்ல. ஏதோ ஒரு பிராண்டின் ப்ரோமோட்டராக, ஏஜென்சி மூலம் வந்தவர்கள். டார்கெட் எட்டாவிட்டால் முதலில் ஆட்டம் காண்பது அவர்கள் வேலைதான். ஆஃபர் லெட்டரில் யார் பெயர் இருக்கிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, இன்சென்டிவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் இருவரும் வாடிக்கையாளராக அந்தக் கடைக்குப் போய்வாருங்கள். ஏதாவது ஒரு வாஷிங் மெஷினைக் காட்டி நாலு கேள்வி கேளுங்கள். பதில் சொல்பவரிடம், இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். பத்து வருஷம் என்று சொல்பவர் இரண்டு பேராவது அங்கே இருந்தால், தைரியமாகச் சேரச் சொல்லுங்கள்.