ஷிப்டு மாறும் நேரம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் 14 பேர். யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை. நானாக முயன்று பார்த்தேன். பிறந்தநாள் என்றால் வாழ்த்துகிறேன், வெள்ளிக்கிழமைதோறும் இனிப்பு வாங்கிப் போகிறேன், தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் நல்ல செய்தி ஒன்று அனுப்புகிறேன். பதிலுக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. இரவு 10 மணிக்கு டாண் என்று கிளம்பிவிடுவேன். பாதியில் நிற்கும் புகார்களை அடுத்து வருபவர் பார்த்துக்கொள்வார். அவரும் காரணமே இல்லாமல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உடன் வேலை செய்கிறவர்களோடு அன்பான உறவை எப்படி வளர்த்துக்கொள்வது? இதற்கு நல்ல புத்தகம் ஏதும் இருக்கிறதா?

ச.

அன்புள்ள ச.,

புத்தகம் எதுவும் எனக்குத் தெரியாது. காலை வணக்கச் செய்தியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ரோஜாப்பூப் படம் பார்த்து யாருக்கும் யார்மீதும் பிரியம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பதிலுக்கு யார் என்ன செய்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களே, அதற்குப் பெயர் மொய் நோட்டு. நம் ஊரில் அதைக் கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு எழுதுவார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ‘அடுத்து வருபவர் பார்த்துக்கொள்வார்.’ அதற்கு மறுவரியிலேயே ‘காரணமே இல்லாமல்’ என்கிறீர்கள். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?

என் அப்பா மதுரையில் ஒரு நூற்பாலையில் சைடர். ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் இயந்திரத்தின் நீளத்துக்கு மேலும் கீழும் நடந்து, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே இருப்பது வேலை. ஓர் இழை அறுந்தால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். உடனே பார்த்தால் விரலால் இழுத்து எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் இறுகிக் கட்டியாகிவிடும். பிறகு கொக்கி போட்டுக் கிழித்தெடுக்க வேண்டும். அதற்குள் பக்கத்தில் நான்கு இழை அறுந்திருக்கும். ஷிப்டு மாறும்போது சங்கு ஊதியதும் சைக்கிள் நிறுத்தத்துக்கு ஓடுகிறவர்கள் விட்டுப்போவது இதைத்தான். வருகிறவனுக்கு முதல் ஒரு மணி நேரம் நரகம்.

அப்பா சங்கு ஊதிய பிறகும் ஒரு நடை நடப்பார். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். கடைசி இழையை ஒட்டிவிட்டுத்தான் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டுவார். ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தர வேண்டும், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றெல்லாம் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. இந்தக் கடைசி நடை எந்தச் சட்டத்திலும் இல்லை. (முதலாளிமார் யாரும் இதைப் படித்துப் பூரிக்க வேண்டாம். கூலியில்லாமல் மிகைநேரம் வாங்குவதை நான் சொல்லவில்லை.)

இத்தனைக்கும் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவரும் வேறு வேறு சங்கம். ஒரு வேலைநிறுத்தத்தின்போது வாய் தடித்துப்போய், அதன்பிறகு பல வருடங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவரும் தன் பங்குக்கு இயந்திரத்தைத் துடைத்து வைத்ததுபோல்தான் விட்டுப்போவார். அப்பா ஷிப்டு மாறி அவருக்குப் பின்னால் போகும் வாரங்களில் அது தெரியும்.

அப்படி ஒரு வாரம், அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். “பதினோரு இழை அறுந்து கிடந்தது. அவன் வீட்டில் என்னமோ சரியில்லை” என்றார். அம்மா விசாரித்துவிட்டு வந்தாள். அவர்கள் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை. மறுநாளிலிருந்து பத்து நாள் அம்மா தூக்குவாளியில் கஞ்சியும் மோரும் கொண்டுபோனாள். அப்பா அந்த வீட்டுப் படி ஏறவில்லை. கடைசிவரை இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. சுத்த வறட்டுப் பிடிவாதம் என்று இன்றைக்கும் எனக்கு அப்பாமீது கோபம்தான். ஆனால் பதினோரு இழையில் ஒரு வீட்டின் நோயைப் படிக்கத் தெரிந்திருந்தது அந்த மனிதருக்கு.

வயதான பிறகு அரவிந்த் மருத்துவமனையில் அவருக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு இதே மதுரையில் தொடங்கிய இடம். அங்கே மருத்துவருக்கு இரண்டு மேசைகள் உண்டு. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைப் படுக்கவைத்து எல்லாவற்றையும் தயாராக வைத்துவிடுவார்கள், பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். மருத்துவர் திரும்பினால் போதும். அப்பா வீட்டுக்கு வந்து பார்வையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்தப் பிள்ளைகள் ஓர் இழைகூட அறுந்து கிடக்க விடவில்லை” என்றார்.

நீங்கள் கெட்டவர் இல்லை, ச. வெள்ளிக்கிழமைதோறும் சொந்தக் காசில் இனிப்பு வாங்குகிறவர் கெட்டவராக இருக்க முடியாது. தனியாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது எனக்கும் பழக்கமான வலிதான். ஆனால் இரவு 10 மணிக்கு வந்து உட்கார்ந்து, நீங்கள் பாதியில் விட்ட புகாருக்கு யாரோ ஒருவரிடம் ஏச்சு வாங்குகிறாரே, அவருக்கு நீங்கள் வைத்துவிட்டுப் போன லட்டைத் தின்ன எப்படி மனம் வரும்? எந்தப் புகார் எதில் நிற்கிறது, யாருக்கு எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள், அவர் இன்னும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்.

மற்ற பன்னிரண்டு பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். இனிப்பை நிறுத்த வேண்டாம். லட்டு, ஜிலேபி எதுவானாலும் ஒரு பங்கை இரவு ஷிப்டுக்கு எடுத்து வையுங்கள்.