தேங்காய் எண்ணெயை மாற்றிப் பாருங்கள், ஜீன் பக்கம் அப்புறம் போகலாம்

வணக்கம். கோத்தகிரியில் ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா ஈஸ்ட்டைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஐந்து நாள் வளர்த்தும் குடுவை அடியில் சோஃபோரோலிப்பிட் (சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் கோத்த, சோப்பு மாதிரி வேலை செய்யும் பொருள்) படியவில்லை, மரபணுவை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் சந்தேகம் எனக்கு தேங்காய் எண்ணெய் மேல்தான். அதில் பெரும்பகுதி 12, 14 கார்பன் கொழுப்பு அமிலங்கள். இந்த ஈஸ்ட் 16, 18 கார்பன் உள்ளதைத்தான் சர்க்கரையோடு கோக்கும், சின்னதைப் பெரும்பாலும் எரித்துச் சாப்பிட்டுவிடும். சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள், லிட்டருக்கு 100 கிராம் குளுக்கோஸ் வையுங்கள். நைட்ரஜன் நிறைந்த ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டை (ஈஸ்ட் சாறு) அள்ளிப் போடாதீர்கள், ஏனென்றால் நைட்ரஜன் தீர்ந்து வளர்ச்சி நின்ற பிறகுதான் ஈஸ்ட் சோஃபோரோலிப்பிட்டைச் சுரக்கவே ஆரம்பிக்கும். காற்றும் நிறைய வேண்டும்: 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் வேண்டாம், குடுவையைக் குலுக்கும் ஷேக்கர் நிற்கவே கூடாது.

அப்புறம் நம்ம மலைக் குளிர். நான் கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாத அறையில் வைத்து ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன். 25 முதல் 30 டிகிரி இரவிலும் இருக்கட்டும்.

ஜீன் மாற்றம் வேறு விஷயத்துக்கு. சோஃபோரோலிப்பிட்டை வளையமாக மூடும் லாக்டோன் எஸ்டரேஸ் நொதியின் மரபணுவை நீக்கினால் வளையம் மூடாத அமில வடிவம் மட்டும் வரும், அது தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆனால் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான இந்தியாவின் 1989 விதிகளின்படி உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி இல்லாமல் அதை வீட்டு ஆய்வகத்தில் தொடவே தொடாதீர்கள்.

எண்ணெய் மாற்றியபின் அடியில் தேன் மாதிரி பழுப்பாகக் கனமாகப் படிகிறதா என்று சொல்லுங்கள்.